மூன்று முறை சென்றும்

காலை பத்தே முக்காலுக்கு ஆறு பேர் அந்தத் தையற்கடை வாசலில் வந்து நின்றார்கள். ஒரு போலீஸ்காரர், வீட்டுக்காரரின் வக்கீல் குமாஸ்தா, சாமான்களைத் தூக்கி வெளியே வைக்க மூன்று ஆட்கள், கோர்ட் உத்தரவைத் தோள்பையில் வைத்திருந்த நம் சம்மன்காரர். உள்ளே ஒரு பெண் பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. வந்தவர்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள்.

சம்மன்காரர் உத்தரவைப் படித்தார். இந்த முன்னறையையும், பின்னால் அவள் குடியிருக்கும் அறையையும் இன்று பொழுது சாய்வதற்குள் காலி செய்து வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். வழக்குக்கு அவள் வரவில்லை. அதனால் வீட்டுக்காரர் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிட்டது.

"என்ன வழக்கு?" என்று கேட்டாள் அவள்.

இருபத்தாறு வருஷமாக அவர் கேட்டுக் கேட்டுச் சலித்த கேள்வி. கையெழுத்துப் போட்டுச் சம்மனை வாங்கிக்கொண்டவர்கள்கூட, சாமான் தெருவுக்கு வரும் நாளில் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இதையேதான் கேட்பார்கள். அதனால் அவர் அசரவில்லை.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டால்தான் பிறகு நடந்தது விளங்கும். கோர்ட்டிலிருந்து கிளம்பும் சம்மன்களையும் நோட்டீஸ்களையும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. ஆள் இருந்தால் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லை என்றால், வெவ்வேறு நாளில் மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு, அப்போதும் கிடைக்காவிட்டால் வெளிக்கதவில் ஒட்டிவிட்டு, இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிவர வேண்டும். முப்பத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தார். நான்கு முறை நாய் கடித்திருக்கிறது. ஒருமுறை ஒரு பல் டாக்டர் சம்மனைக் கையில் வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்காரவைத்து, ஓசியில் ஒரு பல்லைப் பிடுங்கி அனுப்பினார். அது நன்றியா பழியா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கோர்ட்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நாலு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. முப்பத்தைந்து வயதில் மனிதருக்கு வக்கீலாகும் ஆசை பிடித்து ஆட்டியது. மாலைக் கல்லூரியில் சேர்ந்தார். எல்லாப் பாடத்திலும் தட்டுத் தடுமாறித் தேறியவர், சட்டத் தத்துவம் என்ற ஒரே பாடத்தில் மூன்று முறை கவிழ்ந்தார். பிடிக்காத பாடம் என்றால் பரவாயில்லை. உயிராகப் பிடித்துப்போன பாடத்தில் கவிழ்ந்ததுதான் வயிற்றெரிச்சல்.

அந்தப் பாடத்தில் ஒரு நாள் ஆசிரியர், எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பிய மடங்களில் உட்கார்ந்து எழுதிய துறவிகளைப் பற்றிச் சொன்னார். அரசன் வாயிலிருந்து வந்துவிட்டால் மட்டும் ஒன்று சட்டமாகிவிடுமா என்று அவர்கள் கேட்டார்களாம். ஆகாது. அது அறிவுக்குப் பொருந்த வேண்டும். ஊர் மொத்தத்துக்கும் நன்மையாக இருக்க வேண்டும். ஊரைக் காக்கும் பொறுப்புள்ளவரிடமிருந்து வர வேண்டும். கடைசியாக, யாரைக் கட்டுப்படுத்துகிறதோ அவருக்கு அது தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். மனிதன் எழுதும் சட்டத்துக்கு மேலே, எவனும் எழுதாமலே எல்லோருக்கும் புரிகிற ஒரு நியாயம் இருக்கிறது, அதற்கு முரணாக எழுதியதைச் சட்டம் என்று சொல்வதே தப்பு, அதற்கு அடிதடி என்று பெயர் வைத்துவிடலாம் என்கிற அளவுக்கு அவர்கள் போனார்களாம்.

கடைசி வரிசையில் பசைக் கறை படிந்த விரல்களோடு உட்கார்ந்திருந்த நம் ஆளுக்கு அந்த நான்காவது நிபந்தனை நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. தெரிவிப்பது யார்? அவர்தானே. அரசனும் நீதிபதியும் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், இவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தால்தான் அது சட்டம். மறுநாள் தலைமை எழுத்தரிடமே இதைச் சொல்லப்போய், பதினோரு சம்மன்காரர்களும் சிரித்து, அன்றே 'நாலு நிபந்தனை' என்று பெயர் வைத்தார்கள். அது தேய்ந்து நாலு ஆகிவிட்டது.

பரீட்சையில் கேள்வி இரண்டு பாதியாக வரும். இடைக்கால இயற்கைச் சட்டக் கொள்கையை, அதாவது அந்தத் துறவிகள் சொன்னதை, விளக்கு, இன்றைய சட்டத் தத்துவத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்று சொல். முதல் பாதிக்கு எட்டுப் பக்கம் எழுதுவார். இரண்டாம் பாதிக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். முறைப்படி பிறந்தது சட்டம், அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி, இரண்டையும் போட்டுக் குழப்பாதே. இதற்குத் துறவிகள் என்ன பதில் சொல்வார்கள் என்பதுதான் அவருக்கு வரவில்லை. மூன்றாம் முறையோடு புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

ஆனால் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கதவில் ஒட்டினால் தெரிவித்ததாக ஆகுமா? ஆசிரியர் சிரித்துவிட்டு, அதையும் அவர்கள் யோசித்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் காதிலும் போய் ஓத வேண்டியதில்லை, மற்றவர்கள் மூலமாகவாவது அவரிடம் போய்ச் சேர வழி இருந்தால் போதும் என்றார். அந்த ஒரு பதில் சம்மன்காரருக்குத் தலையணையாகிவிட்டது. எத்தனையோ வருஷம் அதில் தலைவைத்து நிம்மதியாகத் தூங்கினார்.

தூங்கவும் வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஆளுக்கு இருபது நோட்டீஸ். மூன்று முறை போய்ப் பார்க்க எந்தக் காலால் முடியும்? ஒரு முறை போவார்கள். ஆள் இல்லையென்றால் ஒட்டிவிடுவார்கள். திரும்பி வந்து அறிக்கையில் மூன்று முறை என்று எழுதுவார்கள். கை வலிக்க எழுதுவானேன் என்று தலைமை எழுத்தர் ஒரு ரப்பர் முத்திரையே செய்துகொடுத்தார், ஆளுக்கு ஒன்று. 'மூன்று முறை நேரில் சென்றும், வீடு பூட்டியிருந்தபடியால், வெளிக்கதவில் ஒட்டப்பட்டது.' சாட்சிக் கையெழுத்துக்கு டீக்கடையில் இரண்டு பேர் நிரந்தரமாக இருந்தார்கள். கத்தையாக நீட்டினால் கத்தையாகப் போட்டுக் கொடுப்பார்கள். பொய் சொல்கிறோம் என்று அங்கே யாருக்கும் தோன்றியதே இல்லை. முத்திரை குத்துகிறோம் என்றுதான் தோன்றியது.

தையற்கடை வாசலுக்கு வருவோம். வழக்கு என்னவென்று கேட்டவளுக்குச் சம்மன்காரர் பழகிய பதிலைச் சொன்னார். நோட்டீஸ் வந்தது, கதவில் ஒட்டினேன், இரண்டு பேர் சாட்சி. ஏழு மாதம் ஆகிறது.

"எந்தக் கதவுல?"

அந்தக் கடைக்குக் கதவு கிடையாது. மேலே சுருட்டி ஏற்றும் இரும்பு ஷட்டர்தான். இதோ காட்டுகிறேன் என்று அவரே கொக்கியை மாட்டி இழுத்தார். ஷட்டர் கடகடவென்று இறங்கித் தரையில் முட்டியது. நடுவில் அவர் ஒட்டிய காகிதம் இருந்தது. சுருண்டு சுருண்டு ஏறி இறங்கியதில் பட்டைப் பட்டையாகக் கிழிந்து, பசை பழுப்பேறி, எழுத்தில் பாதி போயிருந்தது. கோர்ட் முத்திரை மட்டும் வட்டமாகத் தெரிந்தது. அடியில் அவருடைய கையெழுத்து.

அந்தப் பெண் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தாள். தன் கடை ஷட்டரை இறக்கிய நிலையில் வெளியிலிருந்து பார்த்து எவ்வளவு வருஷம் ஆகிறதோ. குனிந்து எழுத்துக்கூட்டிப் படிக்க முயன்றாள்.

"இதை நான் எப்படி சார் பார்ப்பேன்? பகல்ல இது மேல சுருண்டிருக்கும். ராத்திரி இறக்கிட்டு நான் உள்ள படுத்திருப்பேன். வெளிய போறதுன்னா சந்து வழிதான்."

சம்மன்காரர் எதிர்ப்பக்கம் திரும்பினார். நீளத்துக்கு ஒரு கிடங்கின் மதில். ஒரு ஜன்னல் இல்லை, ஒரு வாசல் இல்லை, பார்த்துவிட்டு வந்து சொல்ல ஒரு ஆள் இல்லை. டீக்கடைச் சாட்சிகள் இரண்டு தெரு தள்ளி இருந்தார்கள். இந்த ஷட்டரை அவர்கள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஷட்டரின் பூட்டு வளையத்தைப் பார்த்தார். துரு ஏறி அடைத்திருந்தது. அதில் வெளியிலிருந்து பூட்டு மாட்டி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். பூட்டியிருந்தபடியால் என்று அவர் முத்திரை குத்தியிருக்கிறார்.

சட்டம் சொன்னபடி வெளிக்கதவில்தான் ஒட்டியிருந்தார். இந்த உலகத்தில் அந்த நோட்டீஸைப் பார்க்கவே முடியாத ஒரே ஆள் யாரோ, அவளுக்குத்தான் அந்த நோட்டீஸ்.

குமாஸ்தா பொறுமை இழந்துவிட்டான். ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினான். அவர்கள் ஷட்டரை ஏற்றிவிட்டு முதல் மெஷினில் கைவைத்தார்கள். அந்தப் பெண் ஓடிப்போய்த் தைத்த சீருடைகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் மாதம் தவறாமல் வாடகை வாங்கிக்கொண்டாரே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"மெஷினைக் கீழ வைங்க" என்றார் சம்மன்காரர்.

குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. என்னவென்று கேட்டான். சம்மன்காரருக்குமே முழுசாகப் புரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்துப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். உத்தரவு என்னிடம் இருக்கிறது, நான் இல்லாமல் இங்கிருந்து ஒரு நூல்கண்டை எடுத்தாலும் அது திருட்டு, கேட்டுக்கொள்ளுங்கள் என்று போலீஸ்காரரிடம் சொன்னார். போலீஸ்காரர் வெயிலில் நிற்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா போனை எடுத்தான். பொழுது சாய்ந்துவிட்டால் இன்று காலி செய்ய முடியாது, இந்த ஆள் வேலையைத் தொலைத்துவிட்டுத்தான் போவான் என்று அவன் வக்கீலிடம் சொன்னது சம்மன்காரருக்குக் கேட்கும்படிதான் இருந்தது.

அந்தப் பெண்ணைத் தன்னோடு கோர்ட்டுக்கு வரச் சொன்னார். அவள் நாடாவைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள். இருபது நிமிஷ நடை.

தலைமை எழுத்தர் முதலில் சிரித்தார். பிறகு கதவைச் சாத்தினார். அவர் கெட்டவர் அல்ல. முப்பது வருஷம் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவர். ஒட்டினால் சேர்ந்த மாதிரி, சேர்ந்தால் தெரிந்த மாதிரி, இந்த 'மாதிரி' இல்லையென்றால் ஒரு வழக்கும் நகராது என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. ஒளிந்துகொள்கிறவனெல்லாம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் கோர்ட்டை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். இப்போது வேலையை முடி, அந்த அம்மா நாளைக்கு ஒரு வக்கீலைப் பிடித்து மனுப் போடட்டும், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது என்றார்.

நாளைக்கு அவள் சாமானெல்லாம் தெருவில் கிடக்குமே என்றார் சம்மன்காரர். வீட்டுக்காரர் அதற்குள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரே.

"நீ ஒரு தடவைதான் போனேன்னு வாயைத் திறந்தா, அது உன்னோட போகாதுய்யா. பதினோரு பேரும் வரிசையா போவாங்க. முத்திரை செஞ்சு குடுத்தது நான். என்னையும் சேர்த்துக்க."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. பயம்தான் இருந்தது. அதுதான் சம்மன்காரரை அதிகமாக உலுக்கியது. பதினோரு பேரில் ஒருவருக்குப் பெண் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது. இன்னொருவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். எல்லோரும் அவரோடு ஒரே கூஜாவில் தண்ணீர் குடித்தவர்கள்.

நீதிபதி மதியம் மூன்றரைக்குத்தான் தம் அறையில் பார்ப்பார் என்றார்கள். அந்தப் பெண்ணைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். வீடு கோர்ட்டுக்குப் பின்னாலேயே இருந்த குவார்ட்டர்ஸில். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. வேலை இருக்கும்வரைதான் வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி பதினெட்டு வருஷமாகச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட அனுமதி எழுதி வாங்கி வாழ்ந்தவள்.

அவர் சாப்பிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே தட்டில் பரிமாறினாள். முடிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, அதற்குள் ஒரு கூரைக்கு வழி பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோமே என்றாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தம்மாவுக்கு வீடு போகக் கூடாதுன்னு நம்ம வீட்டைக் குடுப்பீங்களா? உங்க நாலுல ஒண்ணாவது நமக்கு ஒரு வாடகை வீடு பிடிச்சுக் குடுக்குமா?"

இரண்டு வாய் சாப்பிட்டார். கைகழுவிவிட்டு எழுந்தபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகாதீங்க என்று ஒருமுறை சொன்னாள். அவர் செருப்பை மாட்டினார். மறுபடி சொல்வாள் என்று வாசலில் கொஞ்சம் நின்றார். அவள் சொல்லவில்லை.

மூன்றரைக்கு நீதிபதியின் அறையில் ஐந்து பேர். மேஜைக்குப் பின்னால் நீதிபதி, கண்டிப்புக்குப் பெயர்போன அம்மாள். ஒரு பக்கம் வீட்டுக்காரரின் வக்கீல், மூச்சு வாங்க வந்திருந்தார். இன்னொரு பக்கம் தலைமை எழுத்தர். சுவர் ஓரமாகத் தையற்காரப் பெண். நடுவில் சம்மன்காரர், வியர்த்துக் கொட்டியபடி.

ஷட்டரில் ஒட்டியதை அவர் சொன்னார். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார். வக்கீல் அதற்குள் துள்ளினார். வெளிக்கதவில் ஒட்ட வேண்டும் என்கிறது விதி, வெளிக்கதவில் ஒட்டியாகிவிட்டது, படித்துப் பார்த்தாளா என்று எந்த விதியும் கேட்கவில்லை என்றார். அறையில் யாருக்கும் அதற்கு மறுப்புச் சொல்லத் தெரியவில்லை. மாலைக் கல்லூரிப் பரீட்சையில் மூன்று முறை அவர் பேனா நின்றுபோன இடம் இதுதான். முறை சரி, ஆகவே சட்டம் சரி. மேலே எழுது பார்க்கலாம்.

ஆனால் அன்றைக்கு அவருக்கு எழுத வந்தது. முறையே சரியில்லையே. அந்த முறையை யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். எதற்கு மூன்று முறை? எதற்கு வெவ்வேறு நாள்? எதற்கு அக்கம்பக்கத்துச் சாட்சி? எப்படியாவது அந்த ஆள் காதில் போய் விழட்டும் என்றுதானே. துறவிகளுடைய நான்காவது நிபந்தனை எண்ணூறு வருஷம் நடந்து வந்து இவர் கையில் இருந்த விதிப்புத்தகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அதை ரப்பரில் செதுக்கி மையில் தொட்டுக் குத்திக்கொண்டிருந்தவர் இவர்.

"நான் மூணு தடவை போகலீங்கம்மா" என்றார். "ஒரு தடவைதான் போனேன்."

தலைமை எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க வாயால சொல்றதை வெச்சு நான் எதுவும் செய்ய முடியாது. எனக்குத் தெரிஞ்சது வேற, கோப்புல இருக்கறது வேற. கோப்புல மூணு தடவைன்னு இருக்கு. இல்லைன்னா எழுதிக் குடுங்க. எழுதினா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை. யோசிச்சுக்கங்க."

வெள்ளைத் தாள் ஒன்றை மேஜைமேல் தள்ளினார். சம்மன்காரர் நின்றபடியே குனிந்து எழுதினார். ஒரு முறைதான் சென்றேன். பூட்டு இருந்ததா என்று பார்க்கவில்லை. தட்டவில்லை, கூப்பிடவில்லை. வெயிலாக இருந்தது, பையில் இன்னும் பதிமூன்று நோட்டீஸ் இருந்தது. சாட்சிகள் அந்த இடத்துக்கு வரவில்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டார். பசை ஒட்டாத எழுத்தாக அன்றைக்குத்தான் எழுதுகிறோம் என்று தோன்றியது.

நீதிபதி அதைப் படித்துவிட்டுத் தையற்காரப் பெண்ணைப் பார்த்தார். அந்தத் தேதியில், அந்த மதியம், எங்கே இருந்தாய் என்று கேட்டார். அவள் யோசித்தாள். அது காய்ச்சலில் கிடந்த வாரம் என்றாள். நான்கு நாள் கடை திறக்கவில்லை, ஷட்டரை இறக்கிவிட்டு முன்னறையிலேயே, மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். பின்னறை வெக்கை தாங்கவில்லை.

"சத்தம்கூட கேட்டுச்சும்மா. ஷட்டர் மேல பிரஷ் வெச்சுத் தேய்க்கற சத்தம். யாரோ விளம்பரம் ஒட்டறாங்கன்னு நினைச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்."

வக்கீல் கோப்பை மூடினார். அந்த மதியம் அவர் கைக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் இருந்திருக்கிறது. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

காலி செய்யும் உத்தரவை நிறுத்திவைப்பதாக நீதிபதி எழுதினார். வழக்கை முதலிலிருந்து விசாரிப்பதாகவும் எழுதினார். தையற்காரப் பெண்ணுக்கு வீடு தப்பியது. பேனாவை மூடப்போனவர் நிறுத்தி, சம்மன்காரரை நிமிர்ந்து பார்த்தார். இப்போது குரல் சற்று இறங்கியிருந்தது.

"இந்த ஒரு தடவைதானே இப்படி?"

அது கேள்வி மட்டும் இல்லை, தப்பிக்க ஒரு வாசல் என்று அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். வெயில் தாங்காத ஒரு நாளில் செய்த ஒரு தப்பு. ஒரு கண்டிப்பு, ஒரு வருஷச் சம்பள உயர்வு வெட்டு. குவார்ட்டர்ஸ் இருக்கும், இரண்டு வருஷம் ஓடிவிடும், பதினோரு பேரும் அவரவர் நாற்காலியில் இருப்பார்கள். தையற்காரப் பெண்ணுக்கு இதில் போவது ஒன்றுமில்லை. அவள் வீடு முந்தின வரியிலேயே தப்பிவிட்டது. தலைமை எழுத்தர் அவரைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். சொல்லிவிடு ஐயா என்றது அந்தப் பார்வை.

சொல்லிவிடத்தான் நினைத்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டது கண்ணுக்குள்ளேயே நின்றது. ஆனால் காதில் பிரஷ் சத்தம் நிற்கவில்லை. எத்தனை கதவுகள். தகரக் கதவு, மரக் கதவு, கம்பிக் கதவு. ஒவ்வொன்றின் மேலும் இதே கையால், இதே அவசரத்தில். எத்தனை கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் திரும்பிப் படுத்திருப்பார்? அவர்களுக்காக இந்த அறைக்கு வந்து பேச இன்றைக்கு யாரும் இல்லை. அவர்களில் பாதிப் பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதே யாருக்கும் தெரியாது.

"இல்லீங்கம்மா" என்றார். "ஒட்டினது எல்லாமே இப்படித்தான்."

"எத்தனை இருக்கும்?"

"எண்ணினதில்லீங்க. முத்திரை தேஞ்சுபோய் ரெண்டு தடவை மாத்தியிருக்கோம்."

நீதிபதி மெதுவாகப் பேனாவைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டார். பிறகு பையை மேஜைமேல் வைக்கச் சொன்னார். முத்திரையையும் வைக்கச் சொன்னார். மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம், குவார்ட்டர்ஸ் விஷயம் மேலிடத்திலிருந்து எழுத்தில் வரும், ஒட்டிய அறிக்கைகள் எல்லாம் பதினோரு பேருடையதும் வெளியே எடுக்கப்படும் என்றார். சம்மன்காரர் தலையசைத்தார். வெளியே வந்தபோது தோளில் பை இல்லாததால் நடையே கோணலாக வந்தது.

தாழ்வாரத்தில் அவர் கூட்டாளிகள் நின்றிருந்தார்கள். செய்தி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் தூணில் சாய்ந்திருந்தார். யாரும் நாலு என்று கூப்பிடவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தார், கேட்காமலே படிக்கட்டுக்கு வந்துவிட்டார்.

படிக்கட்டில் தையற்காரப் பெண் அவரை எட்டிப்பிடித்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அவள் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஏழு மாதம் அவள் தலைமேல் கத்தியைத் தொங்கவிட்டவர் அவர்தானே. இனிமேல் என்ன நடக்கும் என்று கேட்டாள். வழக்கு புதிதாக ஆரம்பிக்கும், கோர்ட்டிலிருந்து மறுபடி ஒரு நோட்டீஸ் வரும் என்றார். நீங்களா கொண்டுவருவீர்கள் என்று கேட்டாள். இல்லை, இனி நான் வர மாட்டேன், வேறு யாராவது வருவார்கள் என்றார்.

அவள் கழுத்து நாடாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவரை நேராகப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள்.

"யார் வந்தாலும் ஒரு குரல் குடுக்கச் சொல்லுங்க. நான் உள்ளதான் இருப்பேன்."